விடைத்தாளில் நான் இல்லை

“மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கும் ஆதரவுக்கும் அரசு வகுத்துள்ள கொள்கைகளை விளக்கி, அவை நடைமுறையில் எவ்வாறு உள்ளன என மதிப்பிடுக.” மனோன்மணி டீச்சர் வாசித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார். முந்தின கேள்வி பருவமழையைப் பற்றியது. அதைக் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி கணீரென்று வாசித்தவர், இதை மட்டும் இழவு விழுந்த துட்டி வீட்டுக்குள் நுழைகிற குரலில் வாசிக்கிறார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. சிரிக்கக் கூடாது செண்பகவல்லி, இது முதன்மைத் தேர்வு, நீ துணை ஆட்சியர் ஆக வேண்டியவள், வாயை மூடு. ஆனாலும் என்னைப் போய் இதை மதிப்பிடச் சொல்கிறார்களே. மீனிடம் குளத்தைப் பற்றிக் குறிப்பு வரைக என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. இந்த நேரத்தில் பக்கத்து ஹால்களில் எத்தனை பேர் இதே கேள்வியைப் பார்த்துப் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பார்களோ. கோச்சிங் சென்டர் புத்தகத்தில் புரட்டிய பக்கம் ஞாபகம் வருகிறதா என்று விட்டத்தைப் பார்ப்பார்கள். எனக்கு விட்டம் வேண்டாம். “புரிஞ்சுதாம்மா? இன்னொரு தடவை வாசிக்கவா?” “புரிஞ்சுது டீச்சர். நல்லாவே புரிஞ்சுது.” “இல்ல, இத விட்டுட்டு வேற எடுத்துக்கலாமான்னு கேட்டேன். சாய்ஸ் இருக்கு.” எதற்கு விட வேண்டும்? என் மனசு புண்பட்டுவிடுமாம். சர்க்கரை நோய்க்காரர் முன்னால் லட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று சிலர் பேச்சை மாற்றுவார்களே, அந்த நல்ல மனசு டீச்சருக்கு. நல்ல மனசுக்காரர்களிடம்தான் நான் வாழ்க்கை முழுக்கக் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருக்கிறேன். “இதையே எழுதுவோம் டீச்சர்,” என்றேன்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவதற்குத் தேர்வு நடத்துபவர்களே ஆள் போட்டுவிட்டார்கள். அந்த ஆள்தான் மனோன்மணி டீச்சர். இங்கே சென்னையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறார், ஓய்வுபெறப் போகிற வயது. காலையில்தான் சந்தித்தோம். பேரைச் சொன்னதும் “செண்பகவல்லியா, அப்போ கோவில்பட்டிப் பொண்ணு” என்று அம்மன் பேரை வைத்தே ஊரைச் சொல்லிவிட்டார், அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மற்றவர்களை ஹாலில் உட்காரவைத்துவிட்டு எங்களுக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள், பேச்சுச் சத்தம் அவர்களைத் தொந்தரவு செய்யும் என்று. கதவோரமாக ஒரு நாற்காலியில் அறைக் கண்காணிப்பாளர். அவருடைய செருப்புச் சத்தத்திலேயே முட்டி வலி இருக்கிறது. தொடங்கும்போது அவர் எதிரில் வந்து நின்று மனப்பாடமாகச் சொன்னார்: “விடைத்தாள்ல பேரு, ஊரு, நம்பரு, நீங்க யாருன்னு காட்டுற எந்த அடையாளமும் வரக் கூடாது. திருத்துறவருக்கு வேண்டுகோள் எதுவும் எழுதக் கூடாது. பிள்ளையார் சுழி, சிலுவை, பிறை ஒண்ணும் கூடாது. இருந்தா தாளே செல்லாது.” டீச்சர் ஆடிப்போய்விட்டார். “பிள்ளையார் சுழி கூடவா சார்?” “கூடாதும்மா.” முதல் பக்கத்தைத் திறந்து பேனாவைத் தாளில் வைத்தவர் அப்படியே நின்றார். நான் வாக்கியத்தைச் சொல்லி முடித்தும் பேனா நகரவில்லை. “கை தன்னால மேல போகுதும்மா. சுழி போடாம நான் எதையுமே ஆரம்பிச்சதில்ல,” என்றார். மனசுக்குள்ள போட்டுக்கோங்க டீச்சர் என்றேன். போட்டுக்கொண்டார் போலிருக்கிறது, பிறகு பேனா ஓட ஆரம்பித்தது. அழுத்தி எழுதுகிற கை. கரகரவென்று டெஸ்க் பலகை வரைக்கும் இறங்குகிறது அந்தச் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நான் அடுத்த வாக்கியத்தைச் சொல்கிறேன், அது நின்றால் நான் தொடங்குவேன், நான் நின்றால் அது கொஞ்சம் பின்னால் வந்து நிற்கும். காலையிலிருந்து இப்படியே இரண்டு பேரும் ஒரு நடைக்கு வந்துவிட்டோம்.

எழுதுங்க டீச்சர். “மாற்றுத்திறனாளிகள் குறித்த அரசின் பார்வை தயவு என்ற இடத்திலிருந்து உரிமை என்ற இடத்துக்கு நகர்ந்த வரலாறே இந்தக் கொள்கைகளின் வரலாறு.” முற்றுப்புள்ளி. பேனா கரகரக்கிறது. நல்ல தொடக்கம்தான், எனக்கே திருப்தியாக இருக்கிறது. அடுத்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்தாம் ஆண்டுச் சட்டம், சம வாய்ப்பு, அதற்குப் பின் இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு உரிமைச் சட்டம், முன்பு ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் ஏற்றார்கள், இப்போது இருபத்தொன்று, வேலையில் மூன்று சதவீதம் நான்காயிற்று. எல்லாம் என் போன் வாசித்துக் காட்டியது. அது வாசிக்கிற வேகத்தைக் கேட்டால் மற்றவர்களுக்குத் தலை சுற்றும், அம்மா அதை “ஒன் எறும்புப் பேச்சு” என்பாள். சட்டத்தின் பிரிவுகளைக் காய்கறி நறுக்கிக்கொண்டே எறும்புப் பேச்சில் கேட்டுப் படித்தவள் நான். வெண்டைக்காய் என்றால் எனக்குக் கல்வி உரிமை, கத்தரிக்காய் என்றால் வேலைவாய்ப்பு. சிரிக்காதே. “தேவையான மாற்று வசதியை மறுப்பதும் பாகுபாடே எனச் சட்டம் வரையறுக்கிறது.” இது எந்தக் காயோடு படித்தது? எந்தக் காயும் இல்லை. இது ஆபீஸில் படித்தது, அந்த ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு. அந்த ஃபேன் இப்போது எதற்கு? கேள்வி அதுவல்ல. இல்லை, கேள்வியே அதுதான், நடைமுறையில் எவ்வாறு உள்ளன என்றுதானே கேட்டிருக்கிறார்கள்.

அந்த ஃபேனை நான் மறக்கவே மாட்டேன். தாலுகா ஆபீஸில் தட்டச்சராகச் சேர்ந்த முதல் நாள், ஹெட் கிளார்க் வேலுச்சாமி அண்ணாச்சி கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். “இங்க ஒக்காரும்மா. ஃபேன் காத்து இந்தப் பக்கம்தான் நல்லா வரும்.” சரி என்று உட்கார்ந்தேன். மறுநாளும் உட்கார்ந்தேன். அந்த மாதம் முழுக்க உட்கார்ந்தேன். வேலை ஏதாவது கொடுங்க அண்ணாச்சி என்று கேட்டால், “நீ எதுக்கும்மா கஷ்டப்படணும், நாங்க இத்தன பேரு இருக்கோம்ல்லா?” என்பார். குரலில் ஒரு பொட்டுக் கெட்ட எண்ணம் கிடையாது. மத்தியானம் அவர் வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துத்தான் ரசம் வரும். சம்பளம் மாதா மாதம் ஒழுங்காக வந்தது. சுற்றிலும் எல்லோரும் தட்டிக்கொண்டும் கத்திக்கொண்டும் ஃபைலைத் தேடிக்கொண்டும் இருக்க, நான் மட்டும் காற்று வாங்கிக்கொண்டு இருந்தேன். வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறேன். வேலை கிடைத்தும் இது என்னத்துக்கு அழுகிறது என்று அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கு வேலை கொடுத்தார்கள், செய்வதற்கு எதுவும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம், இதை எப்படி எழுதுவது? நான் என்று எழுதக் கூடாதே. “நியமனம் பெறும் பார்வையற்ற பணியாளர்கள் பல இடங்களில் பணி ஒதுக்கப்படாமல் வெறுமனே அமரவைக்கப்படுகிறார்கள்.” வந்துவிட்டது. ஃபேன் போய்விட்டது, அண்ணாச்சி போய்விட்டார், ரசமும் போய்விட்டது, ஆனால் விஷயம் நிற்கிறது. “இது கருணையின் பெயரால் நடக்கும் பாகுபாடு.” டீச்சரின் பேனா ஒரு நொடி தயங்கியது. “கருணையின் பெயராலயா?” “ஆமா டீச்சர். ‘பெயரால்’னே எழுதுங்க.” எழுதினார். கடைசியில் என்ன ஆயிற்று, ஆபீஸ் கம்ப்யூட்டரில் திரையை வாசிக்கிற மென்பொருளை நானே இறக்கிப் போட்டேன். காதில் ஹெட்போன். தட்டச்சு செய்ய ஆள் இல்லாத நேரத்தில் வந்த ஒரு அவசர அறிக்கையை அடித்துக் கொடுத்தேன். அடுத்த வாரத்திலிருந்து ஆபீஸில் எல்லோருடைய வேலையும் என் தலையில் விழுந்தது. அப்புறம் ஃபேன் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று கவனிக்க நேரமில்லை. அதுவும் வேண்டாம், அதுவும் ‘நான்’தான். “திரைவாசிப்பு மென்பொருள் போன்ற எளிய வசதியைச் செய்து தந்தால் அவர்களின் பணித்திறன் பிறருக்கு நிகராக அமைகிறது.” நிகராகவா? என்னைவிட வேகமாக அங்கே யார் அடித்தார்கள்? இருக்கட்டும். அடக்கமாகவே இருக்கட்டும்.

இப்படி ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் என்னைக் கழற்றிக் கழற்றி வைப்பது விசித்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் வலிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் சுகமாக இருக்கிறது. வெளியே நான் எங்கே போனாலும் எனக்கு முன்னால் என் கைத்தடி போய்ச் சேர்ந்துவிடுகிறது. அது தரையில் தட்டுகிற சத்தம் கேட்டதுமே எல்லோர் குரலும் மாறும். கடைக்காரர் என்னிடம் கேட்காமல் கூட வந்தவரிடம், “இவங்களுக்கு என்ன வேணுமாம்?” என்பார். பஸ்ஸில் ஏறினால் நாலு கை வந்து நாலு பக்கம் இழுக்கும். டிகிரி வாங்கினேன் என்றால் ‘பார்வை இல்லாமலேயே’ வாங்கினேன் என்பார்கள். நேற்று கோவில்பட்டியிலிருந்து தனியாக ரயிலேறி வந்தேன், எதிர் சீட்டு அம்மா நான் முறுக்கைக் கடித்ததைக்கூடப் பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டாம், அது ஒரு தினுசான திட்டு. அதற்காக நான் ஒன்றும் பெரிய வைராக்கியக்காரி இல்லை. கோயிலில் கூட்டம் நெரியும்போது “பாவம், அந்தப் பொண்ண முன்னால விடுங்க” என்று யாராவது சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் முன்னால் போய் அம்மன் எதிரில் நின்றுவிடுவேன். அங்கே சுயமரியாதை பார்த்து வரிசையில் நின்றால் கால்தான் வலிக்கும். ஆனால் இந்தத் தேர்வு கோயில் வரிசை இல்லை. இதில் முன்னால் போனால் நானாகத்தான் போக வேண்டும். அரசு எனக்குச் சலுகையாக உயர்த்தித் தந்த வயது வரம்பும் இந்த வருடத்தோடு தீர்கிறது, அடுத்த தேர்வுக்கு நான் விண்ணப்பிக்கவே முடியாது. அதனால் இந்தத் தாள்தான். இது கெட்டால் திரும்பவும் தாலுகா ஆபீஸ், திரும்பவும் அடுத்தவர் கையெழுத்துப் போடுகிற அறிக்கை. என் கையெழுத்தோடு ஒரு உத்தரவு போக வேண்டும் என்று எனக்கு ஆசை, அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. என்ன டீச்சர், எழுதிட்டீங்களா? எழுதியாச்சும்மா. அப்போ கடைசிப் பத்தி. “கொள்கை எழுதப்பட்டிருக்கிறது, அதைச் செயல்படுத்துபவர்களின் மனம் இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது.” முற்றுப்புள்ளி. “சலுகை, கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுபோகும், உரிமை நிற்காது.” முற்றுப்புள்ளி. அவ்வளவுதான் டீச்சர், முடிஞ்சுது.

சிக்கென்று முடிந்துவிட்டது என்று நாற்காலியில் சாய்கிறேன். பேனா கரகரக்கிறது. நான் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறேன். பேனா கரகரக்கிறது. மூடியைத் திருகுகிறேன். இன்னும் கரகரக்கிறது. என்ன இது? நான் சொன்னது கையளவு வாக்கியம், அதற்கு இவ்வளவு நேரம் எதற்கு? டீச்சர் மெதுவாக எழுதுகிறவர் இல்லை, காலையிலிருந்து அந்தக் கையின் வேகம் எனக்கு அத்துப்படி. ஒருவேளை ஏதாவது வார்த்தையை அடித்துத் திரும்ப எழுதுகிறாரோ? அடித்தால் சர்ரென்று ஒரு கோடு கேட்குமே. தலைப்புக்குக் கீழே கோடு போடுகிறாரோ? அதுவும் இல்லை, இது எழுத்துதான், வளைந்து வளைந்து போகிற எழுத்து, கொம்பும் சுழியுமாக. “என்ன டீச்சர் இன்னும் எழுதுறீங்க?” சத்தம் நின்றது. “ஒண்ணுமில்லம்மா. முடிச்சிட்டேன்.” கடைசிப் பத்திய வாசிங்களேன். வாசித்தார். கொள்கை எழுதப்பட்டிருக்கிறது, சலுகை நின்றுபோகும், உரிமை நிற்காது. நான் சொன்னதுதான், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அப்போ அந்தச் சத்தம்? காது சில நேரம் ஏமாற்றும், ஃபேன் ஓடுகிறது, வெளியே யாரோ மேஜையை இழுக்கிறார்கள், விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போ. போகலாம்தான். நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் டீச்சரின் குரல், “ஒண்ணுமில்லம்மா” என்றபோது அந்தக் குரல் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் குழந்தையின் பைக்குள் மிட்டாயைப் போட்டவர்களின் குரல் அது. எனக்குத் தெரியும் அந்தக் குரல், அண்ணாச்சி என்னை ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தபோது கேட்ட குரல். கண்காணிப்பாளரைக் கூப்பிடலாமா? கூப்பிட்டால் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, மேலே போன் போட்டு, நான்கு பேர் வந்து, டீச்சர் மீது புகார் எழுதி, அதற்குள் என் நேரமும் போய் அவருடைய பேரும் போகும். கூப்பிடாமல் இருந்தால்? என்ன எழுதியிருக்கிறார் என்று தெரியாமல் அந்தத் தாளை நான் எப்படிக் கட்டிக் கொடுப்பேன்? என் பேரில் போகிறது. இல்லை, பேர்தான் கிடையாதே. என் பொறுப்பில் போகிறது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும், அது நல்லதுதான், கோபம் வந்ததும் கையை நீட்டினேன். “டீச்சர், அந்தத் தாளைக் கொஞ்சம் இப்படிக் குடுங்க.”

“ஒனக்கு எதுக்கும்மா?” என்றார், ஆனால் கொடுத்தார். மர டெஸ்க்கின் மேல் தாளை விரித்து ஆள்காட்டி விரலை மேலிருந்து கீழே இறக்கினேன். சாதாரணமாகப் பேனாவால் எழுதியது என் விரலுக்கு ஒன்றும் சொல்லாது. ஆனால் டீச்சர் அழுத்தி எழுதுகிறவர், அடியில் இன்னும் பல தாள்கள் மெத்தென்று இருக்கின்றன, எழுத்து பள்ளமாகப் பதிந்திருக்கிறது. என்ன எழுத்து என்று தெரியாது, வரி எங்கே போகிறது என்று தெரியும். பத்தி பத்தியாக இறங்கினேன். ஒவ்வொரு பத்திக்கும் நடுவில் ஒரு வழவழப்பு. கடைசிப் பத்தி, குட்டிப் பத்தி, இதோ தொடங்குகிறது, இதோ முடிகிறது. அதற்குக் கீழே வழவழப்பு. அதற்கும் கீழே திரும்பப் பள்ளம். இன்னொரு பத்தி. நான் சொல்லாத பத்தி. விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டேன். “இது என்ன டீச்சர்?” டீச்சரின் வளையல் ஒருதரம் அசைந்தது. “டீச்சர், நான் சத்தம் போடல, அவரையும் கூப்பிடல. இங்க என்ன எழுதியிருக்கீங்களோ அத அப்படியே வாசிங்க.” வாசித்தார். குரல் துட்டி வீட்டைவிடக் கீழே போயிற்று. “இந்த விடையைக் கூறும் நானும் இரு கண்களும் இழந்தவளே. இருளிலே பிறந்து இருளிலே வளர்ந்த இந்தப் பேதையின் வாழ்வில் ஒளியேற்றுவது தங்கள் திருக்கரங்களிலேயே உள்ளது.”

பேதையாம். எனக்குக் காது சூடேறிவிட்டது. கத்தியிருப்பேன், பற்களைக் கடித்துக்கொண்டேன். இழந்தவளாம், எப்போது இழந்தேன், இருந்தால்தானே இழப்பதற்கு? இருளிலே பிறந்தேனாம். இருட்டு எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது, இருட்டைப் பார்ப்பதற்கும் கண் வேண்டும். நான் பிறந்த இடம் கோவில்பட்டி, அங்கே கடலைமிட்டாய் பாகு காய்ச்சுகிற வாசனை உண்டு, ரயில் சத்தம் உண்டு, எங்கள் தெருவில் வாய்ச்சண்டைக்குக் குறைவே கிடையாது, இருட்டு என்று எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. “பேரா எழுதினேன்? பேரு, ஊரு ஒண்ணும் எழுதலயேம்மா,” என்கிறார் டீச்சர், அவசர அவசரமாக, குரலைத் தாழ்த்தி. “நீ சொன்னதெல்லாம் சட்டமாவே இருந்துது. படிக்கிறவங்க மனசத் தொட வேண்டாமா? எங்க பசங்களுக்குக் கட்டுரை சொல்லிக் குடுக்கறப்போ முடிவுரைல மனசத் தொடுற மாதிரி ஒரு வரி வைக்கச் சொல்லுவேன். நீ இவ்ளோ தூரம் தனியா வந்திருக்க. எனக்கு மனசு கேக்கல.” எனக்குப் புரிகிறது. முப்பது வருஷமாகப் பிள்ளைகளின் கட்டுரைக்கு முடிவுரை எழுதிக் கொடுத்த கை, நான் முடிவுரை இல்லாமல் நிறுத்தியதும் பொறுக்காமல் எழுதிவிட்டது. பிள்ளையார் சுழியை மனசுக்குள் போட்டுக்கொள்ளத் தெரிந்தவருக்கு இந்த இரக்கத்தை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. “டீச்சர், அவர் காலைல சொன்னாரே. நான் யாருன்னு தெரியக் கூடாது, வேண்டுகோள் வைக்கக் கூடாது. நீங்க எழுதுனதுல ரெண்டும் இருக்கு. இது இப்படியே போனா தாளே செல்லாது. எனக்கு வயசும் முடிஞ்சிருச்சு, இனிமே எழுத முடியாது.” “ஐயோ,” என்றார் டீச்சர், சின்னதாக. “ஐயோ, சாமி. நான் என்ன பண்ணிட்டேன்.” அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. கண்காணிப்பாளரின் நாற்காலி கிரீச்சிட்டது. நான் சத்தமாக, “அந்த வரி வேண்டாம் டீச்சர், அடிச்சிருங்க,” என்றேன், எழுதுகிற எவரும் சொல்வதுபோல. நாற்காலி அடங்கிவிட்டது. அடிக்கலாம், அடித்த வரியைத் திருத்துபவர் கணக்கில் எடுக்க மாட்டார், அதற்கெல்லாம் விதி இருக்கிறது, ஆனால் அடித்த கோட்டுக்குக் கீழே ‘கண்களும்’ என்று ஒரு வார்த்தை எட்டிப் பார்த்தாலும் போச்சு. “ஒரு எழுத்துக்கூடத் தெரியக் கூடாது டீச்சர். மேல மேல அடிங்க. நீங்களே வாசிக்க முடியாத மாதிரி அடிங்க.”

அடித்தார். எத்தனை ஆயிரம் நோட்டுகளில் எத்தனை வரிகளை அடித்த கையோ, இந்த வரிகளை அடிக்க அதற்கு வலிக்கிறது என்று எனக்குக் கேட்கிறது. சர்ர், சர்ர், சர்ர். கோடு கோடாகப் போய், பிறகு வட்டம் வட்டமாகப் போய், கடைசியில் தாள் கிழிந்துவிடுமோ என்கிற அளவுக்கு. நான் காத்திருந்தேன். நேரம் போகிறது, போகட்டும், இது போகவேண்டிய நேரம்தான். என் கோபம் எங்கே போயிற்று என்று தேடினேன், கொஞ்சம் இருந்தது, டீச்சர் மேல் இல்லை. டீச்சர் ஒருவர்தான் இன்றைக்குப் பிடிபட்டார், அவ்வளவுதான், என்னைப் பற்றி நான் சொல்லாததையெல்லாம் என் வாக்கியத்துக்குக் கீழே எழுதி வைக்கிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள், அவர்களுடைய பேனாச் சத்தம் எனக்குக் கேட்பதில்லை. இந்தத் தாளில் மட்டும்தான் அடிக்க முடிந்தது. அடிக்க முடிந்ததே என்று எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது. “பாரு,” என்று டீச்சர் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன், இந்தத் தடவை அடக்கவில்லை. “பாத்துட்டேன் டீச்சர்,” என்று விரலை வைத்தேன். முன்பு வரிகள் இருந்த இடத்தில் இப்போது ஒரே மேடு பள்ளம், உழுது போட்ட மாதிரி, ஒன்றும் பிரிக்க முடியாது. இது போதும். டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “எனக்கு ஒண்ணு மட்டும் புரியலம்மா,” என்றார். “நீ சொன்னதுல அத்தனையும் நீ பட்டது. அது எனக்கே தெரியுது. இத எழுதுனது ஒரு கண்ணு தெரியாத பொண்ணுன்னு அவங்களுக்குத் தெரியவே வேணாமா?” “தெரிஞ்சுக்குவாங்க டீச்சர். இதுல பாஸாகி நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவாங்கல்ல, அன்னைக்கு நான் கதவத் தொறந்து உள்ள வருவேன், அப்போ தெரிஞ்சுக்குவாங்க. அதுக்குள்ள இதுக்கு மார்க்கு போட்டு முடிச்சிருப்பாங்க.”